வட்டுக்கோட்டைக்கு வழி

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனிடம் கொட்டைப்பாக்கின் விலையைச் சொன்னானாம் ஒருவன். யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு குறைவு. கேட்டது ஒன்று, வந்த மறுமொழி இன்னொன்று. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு ஊரும் உறவும் அள்ளிக் கொடுக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இந்த இனத்தைச் சேர்ந்தது. "கந்தசஷ்டி பிடியுங்கோ." "யோசியாதை பிள்ளை, யோசிச்சால்தான் தங்காது." "இந்தியாவிலை ஒரு டொக்டர் இருக்கிறார், போனவை எல்லாருக்கும் சரிவந்தது." சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் இந்தத் தம்பதிக்குத் தடை எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்பதில்லை.

கருவளமின்மைச் சிகிச்சை என்றவுடன் பலருக்கும் நினைவில் வருவது சோதனைக்குழாய்க் குழந்தை, பெருஞ்செலவு, கொழும்பு அல்லது சென்னைப் பயணம். அது வரிசையின் கடைசிப் பக்கத்தில் நிற்கும் சிகிச்சை. அதற்கு முன்னால் சில கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை உண்டு. அதன் விடை சில சிகிச்சைகளைத் தேவையாக்கும், சிலவற்றை வீணாக்கும். எந்தச் சிகிச்சை நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தத் தடைக்கு எது என்பதுதான் கேள்வி.

நாலு வருஷமா, ஆறு மாதமா?

வட்டுக்கோட்டை, சங்கரத்தைப் பக்கம் ஒரு தம்பதியைக் கற்பனை செய்வோம். மனைவி ஆசிரியை, வயது 33. கணவருக்கு 38, கட்டாரில் வேலை. திருமணமாகி நான்கு ஆண்டுகள். கணவர் ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து போனார். இப்போது வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். ஊரின் கணக்கில் இவர்களுக்கு நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை.

மருத்துவத்தின் கணக்கு வேறு. பாதுகாப்பு எதுவுமின்றி, ஒழுங்கான தாம்பத்திய உறவில் 12 மாதங்கள் இருந்தும் கரு தங்காவிட்டால்தான் அதைக் கருவளமின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே சோதனைக்குப் போகச் சொல்வார்கள். கல்யாண நாளிலிருந்து எண்ணுவது ஊர் வழக்கம். மருத்துவர் எண்ணுவது, கரு உருவாகக்கூடிய நாட்களில் இருவரும் ஒன்றாக இருந்த மாதங்களை.

அந்த நாட்கள் எவ்வளவு குறைவு என்பதை அலன் வில்கொக்ஸ் குழுவினர் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைக் கொண்டு செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூல் வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாக மொத்தம் ஆறு நாட்கள். சூல் வெளியே வந்தபின் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே விந்தணு முன்கூட்டி வந்து காத்திருக்க வேண்டும். நாற்பது நாள் லீவில் இப்படியான வாய்ப்பு ஒரு தடவை வரும், மிஞ்சினால் இரண்டு தடவை. நான்கு லீவுகளையும் கூட்டினால் ஐந்தாறு மாதங்கள்தான் தேறும். வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டிய பெண்ணை "மலடி" என்று கண்ணாலேயே சொல்லும் ஊர், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் உதவும். மனைவி 40 வயதுக்குட்பட்டவராக இருந்தால், சேர்ந்து வாழும் நூறு தம்பதிகளில் எண்பதுக்கு மேற்பட்டோருக்கு முதலாம் ஆண்டிலேயே கரு தங்கிவிடும். மிஞ்சியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில் தங்கும். காத்திருப்பதும் சில வேளைகளில் ஒரு சிகிச்சைதான் என்பதற்கு இதுவே ஆதாரம். ஆனால் மாதவிடாய் தாறுமாறாக வருபவர், வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தவர், வயதுக்கு வந்தபின் கூகைக்கட்டு வந்து விதை வீங்கிய ஆண், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர் ஆகியோர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை.

செமினரியைவிட இளைய அறிவு

எந்த நாளில் கரு உருவாகும் என்பது இன்று கைத்தொலைபேசிச் செயலிகளிலேயே இருக்கிறது. அந்த அறிவு எவ்வளவு புதியது என்பதை வட்டுக்கோட்டையில் நின்றே அளக்கலாம்.

அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது 1823இல். பாலூட்டிகளின் முட்டையை மனிதக் கண் முதன்முதலாகக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் பின்னர். 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வொன் பெயர் ஒரு நாயின் சூலகத்தில் அதைக் கண்டார். விந்தணுவை லீவன்ஹூக் 1677இலேயே நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டார். பிள்ளையின் ஆண்பங்கு தெரிந்து பெண்பங்கு தெரிய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. விந்தணு முட்டைக்குள் புகுந்து இரு கருக்களும் ஒன்றாவதை ஒஸ்கார் ஹேர்ட்விக் கடல் முள்ளெலியில் கண்டது 1876இல். அப்போது செமினரி மூடப்பட்டு, அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்துவிட்டது.

இந்த இடைவெளியில்தான் 1847இல் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் தங்கியது வட்டுக்கோட்டையில், அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குப் போனார். அங்கே மருத்துவ மாணவரைப் பயிற்றினார். 1860களில் அந்தக் கல்வியை முழுக்கத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று அவரும் அவருடைய மாணவரும் தமிழாக்கிய நூல்களில் பிரசவ மருத்துவமும் ஒன்று. பிரசவத்தைப் பற்றித் தமிழில் படிக்க முடிந்த அந்தத் தலைமுறைக்கு, கரு எந்த நாளில் உண்டாகும் என்பது எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. மாதவிடாயை ஒட்டிய நாட்களே கரு தங்கும் நாட்கள் என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். அவர்கள் சொன்ன நாட்களைப் பின்பற்றிய தம்பதி, சரியான வாரத்தைத் தவறவிட்டிருப்பார்கள்.

அதைத் திருத்தியவர்கள் 1920களில் யப்பானில் கியூசாகு ஒகினோவும் ஒஸ்ரியாவில் ஹேர்மன் க்னாவுஸும். அடுத்த மாதவிடாய் வருவதற்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்னர்தான் சூல் வெளியேறுகிறது என்று இருவரும் தனித்தனியே கண்டனர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு 14ஆம் நாள், 35 நாள் சுற்று உள்ளவருக்கு 21ஆம் நாள். எல்லாருக்கும் 14ஆம் நாள் என்று நினைத்து மாதங்களை இழப்பவர்கள் இன்றும் உண்டு. நாள் எண்ணி மனம் சலிப்பதைவிட, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

மூன்று கேள்விகள், இரண்டு பேர்

நம் தம்பதி ஓராண்டு ஒன்றாக வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி மூன்று கேள்விகள். விந்தணு இருக்கிறதா? சூல் வெளிவருகிறதா? இரண்டும் சந்திக்கும் குழாய் திறந்திருக்கிறதா?

முதற் கேள்வியிலேயே வீடுகளில் வண்டி நின்றுவிடும். "ஆம்பிளைக்கு என்ன சோதனை?" என்று மாமியார் கேட்பார். கருவளமின்மையில் ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆண்பக்கக் காரணமும், தனித்தோ மனைவிபக்கக் காரணத்தோடு சேர்ந்தோ, இருக்கிறது. விந்துச் சோதனை மலிவானது, ஊசியோ வலியோ இல்லாதது. ஆகவே முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூல் காட்டும் கீழ் எல்லைகள் இவை: ஒரு மில்லிலீற்றரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, அவற்றில் 42 சதவீதம் அசைபவை, 4 சதவீதம் சரியான வடிவம் கொண்டவை. நூற்றுக்கு நான்கு சரியாக இருந்தாலே போதும் என்பதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். "96 சதவீதம் பழுது" என்று அறிக்கையைப் படித்து நித்திரை இழக்கத் தேவையில்லை.

ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் அளவு எடுக்கும். போன மாதம் வந்த கடுங்காய்ச்சல் இந்த மாத அறிக்கையில் தெரியும். ஆகவே ஒரு சோதனை குறைவாக வந்தால் இடைவெளி விட்டு இன்னொன்று செய்ய வேண்டும். புகைத்தல், சுருட்டானாலும் சிகரெட்டானாலும், விந்தணுவைக் கெடுக்கும். உடற்பயிற்சி நிலையங்களில் தசைக்காகப் போடும் ரெஸ்ரொஸ்ரரோன் ஊசி இன்னும் மோசம். ஆண்மை ஹோர்மோன் கூடினால் விந்தணுவும் கூடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பதோ நேர்மாறு. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தவுடன் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு ஒன்றுமே இல்லாத நிலைகூட வரலாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும், அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

இரண்டாவது கேள்வி சூல். மாதவிடாய் ஒழுங்காக 25 முதல் 35 நாட்களுக்குள் வந்தால் அநேகமாகச் சூல் வெளியேறுகிறது என்று கொள்ளலாம். ஐயம் இருந்தால் அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன் புரொஜெஸ்ரரோன் இரத்தச் சோதனை உறுதிப்படுத்தும். சூல் வெளியேறாமைக்கு மிகப் பொதுவான காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலகப் பலநீர்க்கட்டி நிலை. கருவளப் பருவப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக மதிப்பீடு. தைரொயிட் கோளாறும் புரொலக்ரின் மிகையும் இதே குழப்பத்தைச் செய்யும். இரண்டுக்கும் குளிசை உண்டு.

மூன்றாவது குழாய். கருப்பையின் இருபுறமும் உள்ள பலோப்பியன் குழாய்களில்தான் கருக்கட்டல் நடக்கிறது. பழைய தொற்று, காசநோய், கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், குடல்வால் வெடித்த வரலாறு போன்றவை குழாயை அடைக்கலாம். கருப்பைக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தி எக்ஸ்றே எடுத்தால் அடைப்புத் தெரியும். சோதனையே சிகிச்சையாகும் அதிசயமும் இதில் உண்டு. நெதர்லாந்தின் 27 வைத்தியசாலைகளில் 1,119 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நீர்ச்சாயம் செலுத்தப்பட்டவர்களில் 28 சதவீதத்தினரும், எண்ணெய்ச்சாயம் செலுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 சதவீதத்தினரும் அடுத்த ஆறு மாதங்களில் உருவான கருவால் பிள்ளை பெற்றனர்.

இந்த மூன்று சோதனைகளும் ஒன்றிரண்டு மாதங்களில் முடியக்கூடியவை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக் வரை போனால் போதும், கடல் கடக்க வேண்டாம். ஊரிலுள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் போலிக் அசிட் குளிசை வாங்கிப் போடத் தொடங்குவது இதற்கும் முந்திய படி. அது கருத்தரிக்கச் செய்யாது. கரு தங்கினால் பிள்ளையின் முள்ளந்தண்டைக் காக்கும்.

விடைக்கேற்ற சிகிச்சை

சூல்தான் தடை என்றால் சிகிச்சை பெரும்பாலும் எளிது. உடற்பருமனும் பி.சி.ஓ.எஸ்.ஸும் சேர்ந்து இருந்தால், நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைவதே பலருக்குச் சூலைத் திரும்பக் கொண்டுவரும். அடுத்தது குளிசை. 1960கள் முதல் குளோமிபீன் கொடுக்கப்பட்டது. மார்புப் புற்றுநோய்க்கு வந்த லெற்றோசோல் அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை 2014இல் 750 பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. லெற்றோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினரும் குளோமிபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினரும் பிள்ளை பெற்றனர். இந்தியாவில் 2011இல் கருவளச் சிகிச்சைக்கு லெற்றோசோல் தடை செய்யப்பட்டு, 2017இல் தடை நீங்கியது. பழைய பயத்தில் இன்னும் அதை மறுப்பவர்கள் உண்டு.

குளிசைக்கு அசையாதவர்களுக்கு ஊசி. அந்த ஊசி மருந்தின் முதல் மூலம் விசித்திரமானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோன் நிறைய இருக்கும். அதை ஓரிடத்திலேயே தொகையாகச் சேர்க்க, 1950களின் பிற்பகுதியில் இத்தாலியில் கன்னியர் மடங்களின் முதிய சகோதரிகளிடம் சேகரித்தார்கள். பிள்ளை பெறாத துறவியரின் உடலிலிருந்து வந்த மருந்தால் 1960களின் தொடக்கத்தில் முதல் பிள்ளைகள் பிறந்தனர். இன்று அதே ஹோர்மோனை ஆய்வுகூடக் கலங்களில் தயாரிக்கிறார்கள்.

விந்தணு ஓரளவு குறைவு, அல்லது எல்லாச் சோதனையும் சரி, ஆனாலும் தங்கவில்லை என்ற நிலையில் ஐ.யூ.ஐ. வரும். விந்தைக் கழுவி, சுறுசுறுப்பான அணுக்களைப் பிரித்து, சூல் வெளிவரும் நாளில் மெல்லிய குழாயால் கருப்பைக்குள் விடுவது. சில நிமிட வேலை, மயக்கம் தேவையில்லை. காரணம் தெரியாத கருவளமின்மை நிலையில் இது உண்மையாகவே உதவுமா என்று நியூசிலாந்தில் 201 தம்பதிகளிடம் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். சூலைத் தூண்டும் குளிசையுடன் மூன்று சுற்று ஐ.யூ.ஐ. செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்குப் பிள்ளை பிறந்தது. அதே காலம் சும்மா முயன்றவர்களில் 9 சதவீதத்தினருக்கு. நல்ல வேறுபாடு. ஆனால் இரு குழாய்களும் அடைபட்டவருக்கு ஐ.யூ.ஐ. எத்தனை தடவை செய்தாலும் பயனில்லை. விந்தணு மிக மிகக் குறைவென்றாலும் அப்படித்தான். குழாய்ச் சோதனை செய்யாமலே ஆறேழு ஐ.யூ.ஐ. செய்தவர்களின் கதை வரிசை தவறியதன் விலை.

குழாயைச் சுற்றிப் போன வழி

சோதனைக்குழாய்க் குழந்தை முறையான ஐ.வி.எவ். முதலில் உருவானது அடைபட்ட குழாய்க்காக. இங்கிலாந்தில் உடலியல் ஆய்வாளர் ரொபேர்ட் எட்வேர்ட்ஸ், பெண்நோயியல் மருத்துவர் பற்றிக் ஸ்ரெப்ரோ, தாதியாகத் தொடங்கி முளையவியலாளரான ஜீன் பேர்டி மூவரும் 1969 முதல் 1978 வரை 282 பெண்களிடம் முயன்றனர். 112 தடவை முளையத்தைக் கருப்பைக்கு மாற்றியதில் ஐந்து கரு தங்கின, இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அவற்றில் முதலாவது லூயிஸ் பிரவுண், 1978 யூலை 25, ஓல்டாம். எட்வேர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தபோது மற்ற இருவரும் உயிரோடில்லை.

லூயிஸ் பிறந்த அதே 1978இல், ஒக்ரோபர் 3ஆம் திகதி, கல்கத்தாவில் துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தாள். டொக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஹோர்மோன் ஊசியால் பல சூல்களை வளர்த்தார், அவற்றைக் கருக்கட்டச் செய்தார், முளையத்தை உறையவைத்துப் பின்னொரு சுற்றில் மாற்றினார். லூயிஸின் பிறப்பில் பயன்படாத இவை இரண்டும், ஊசித் தூண்டலும் உறைய வைத்தலும், இன்று உலகம் முழுவதும் வழமை. மாநில அரசின் குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையாக 1986இல் மும்பாயில் பிறந்த ஹர்ஷாவையே அரசு கொண்டாடியது. அந்தச் சாதனைக்குரிய விஞ்ஞானி ரி.சி. ஆனந்த்குமார், முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தபின் 1997இல் முதன்மை அவருக்கே உரியது என்று தானே முன்வந்து சொன்னார். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் டொக்டர் கமலா செல்வராஜின் கையில் பிறந்தது. பாக்குநீரிணைக்கு இப்பால் இருந்தவர்களின் கண் சென்னையை நோக்கித் திரும்பியதில் அந்தச் செய்திக்கும் பங்கு உண்டு.

இன்றைய நடைமுறை இப்படி. பத்து நாள் அளவு தினமும் ஊசி, இடையிடையே ஸ்கான். சூல்கள் பருத்ததும் முற்றச்செய்யும் ஊசி ஒன்று. 34 முதல் 36 மணித்தியாலத்தில், மயக்கம் கொடுத்து, மெல்லிய ஊசியால் சூல்களை உறிஞ்சி எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் கருக்கட்டல். மூன்று முதல் ஐந்து நாள் வளர்த்த முளையத்தில் ஒன்றைக் கருப்பையில் வைப்பார்கள், மீதியை உறைய வைப்பார்கள். இரண்டு வாரத்தில் இரத்தச் சோதனை. இரட்டைப் பிள்ளை ஆசையில் இரண்டு மூன்று வைக்கச் சொல்பவர்கள் உண்டு. இரட்டைக் கர்ப்பம் தாய்க்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் ஆபத்தைக் கூட்டுவதால் இயன்றவரை ஒன்றே நல்லது. சூலகங்கள் அளவுக்கு மீறி வீங்கி வயிற்றில் நீர் சேர்வது இன்னோர் ஆபத்து. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும்.

கணவரின் விந்தணு மிகக் குறைவென்றால் இக்சி. ஒரேயொரு விந்தணுவை ஊசியால் சூலுக்குள் செலுத்தும் இந்த முறையால் பிறந்த முதல் பிள்ளைகளை 1992இல் பிரஸல்ஸில் ஜியான்பியேரோ பலெர்மோ குழுவினர் அறிவித்தனர். விந்தில் அணுவே இல்லாதவரிலும், விதைக்குள் உற்பத்தி நடந்தால், அங்கிருந்து எடுத்து இக்சி செய்யலாம். ஆண் கருவளமின்மைக்கு இவ்வளவு பெரிய மாற்றத்தை வேறெதுவும் கொண்டுவரவில்லை. இதில் ஓர் அநீதியும் கலந்திருக்கிறது. பிழை கணவரில், ஊசியும் மயக்கமும் மனைவிக்கு.

விந்தணு சரியாக உள்ளவருக்கும் "உறுதிக்காக" இக்சி செய்வது பரவியிருக்கிறது. ஹோ சி மின் நகரில் 1,064 தம்பதிகளிடம் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டபோது, அப்படிச் செய்வதால் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. கருப்பையின் உட்படலத்தைச் சுரண்டிவிட்டால் முளையம் நன்றாக ஒட்டும் என்ற நம்பிக்கைக்கும் அதே கதி. 1,364 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் 26.1 சதவீதத்தினரே பிள்ளை பெற்றனர். கூடுதல் கட்டணத்தோடு வரும் எந்த இணைப்புக்கும் முன் இதுபோன்ற ஓர் ஆய்வு இருக்கிறதா என்று கேட்பது தம்பதியின் உரிமை.

காசால் வாங்க முடியாதது

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சூலகங்களில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை நானூறு ஐந்நூறு. மீதி தாமாகவே அழியும். 35க்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறைகிறது. ஐ.வி.எவ். இதை மீட்காது. பிரித்தானியாவின் அண்மைக் கணக்கில், சொந்த முட்டையால் உருவான ஒரு முளையத்தை வைத்தால் 35 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிள்ளை பிறக்கிறது. 43, 44 வயதில் அது இருபதில் ஒருவர் அளவுக்கு இறங்குகிறது. சாதகம் பொருந்தவில்லை, சீதனம் முடியவில்லை, விசா வரவில்லை என்று ஆண்டுகள் போன நம் சமூகத்தில், முதல் ஐந்தாறு ஆண்டுகளைக் காலம் ஏற்கனவே எடுத்துவிடுகிறது. அதன் பின்னும் "ஒரு வருஷம் பொறுத்துப் பாப்பம்" என்பதை 28 வயதுக்காரரிடம் சொல்லலாம். 38 வயதுக்காரரிடம் சொல்லக் கூடாது.

தூரமும் ஒரு தடைதான். இலங்கையில் ஐ.வி.எவ். பெரும்பாலும் கொழும்பின் தனியார் நிலையங்களிலேயே வளர்ந்தது. 2006 முதல் 2009 வரை ஏ9 வீதி மூடிக்கிடந்த காலத்தில் வட்டுக்கோட்டைத் தம்பதிக்குக் கொழும்பே எட்டாத ஊர். இன்று பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. போவதற்கு முன் இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டங்களைத் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்கு 50, கணவருக்கு 55 வயதுதான் மேல் எல்லை. காசுக்கு வாடகைத் தாய் தடை. முட்டைத் தானம் விற்பனையாக இருக்கக் கூடாது. இவற்றை மீறி "ஒழுங்கு பண்ணித் தாறம்" என்று சொல்லும் தரகரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

செலவைக் கணக்கிடும்போது நிலையத்தின் கட்டணம் பாதிக் கணக்குத்தான். இரண்டு மூன்று வாரம் தங்குமிடம், மனைவியின் லீவு, மருந்து, தோற்றால் அடுத்த சுற்று எல்லாம் சேர வேண்டும். முதற் சுற்றிலேயே தங்குவது பாதிக்கும் குறைவான பேருக்கு என்பதால், எத்தனை சுற்று, எவ்வளவு பணம் வரை என்பதை முதல் ஊசிக்கு முன்னரே கணவனும் மனைவியும் பேசி ஓர் எல்லை வைக்க வேண்டும். தோல்வியின் நடுவில் நின்று எவராலும் அந்த எல்லையை நிதானமாகப் போட முடியாது. காணியை ஈடு வைத்து மூன்றாம் சுற்றுக்குப் போனவர்களும் உண்டு, முதல் சுற்றோடு நிறுத்திப் பிள்ளையைத் தத்தெடுத்தவர்களும் உண்டு. இருவரில் எவரும் தோற்றவர்கள் அல்லர். ஆனால் அந்த முடிவை மாமியாரோ தரகரோ எடுக்கக் கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கொப்பியில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு இருவரும் ஒன்றாகப் போகலாம். எங்களுக்குத் தடை எது? இருவருக்கும் சோதனை முடிந்துவிட்டதா? நீங்கள் சொல்லும் சிகிச்சை அந்தத் தடைக்கு உரியதா? எங்கள் வயதில், உங்கள் நிலையத்தில் இதைத் தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீடு போனார்கள்? கரு தங்கியவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம், பிள்ளை பிறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று, அதிகம் பேர் கேட்காதது: இன்னும் ஆறு மாதம் எதுவும் செய்யாமல் இருந்தால் எங்கள் வாய்ப்பு எவ்வளவு?